எட்டாவது நட்டு

சல்மாபாத்தில் ஆகஸ்ட்.
ஷட்டரைத் தூக்கும்போதே கைப்பிடி சுடுகிறது.
ஜாசிமின் கிரஸிடா நேற்றிலிருந்து
வாய் திறந்தபடி நிற்கிறது.
எண்பத்தொன்பதாம் வருடத்து வண்டி.
டிக்கியில் ஐஸ் பெட்டி, கணவாய் வாடை.
சித்ரா படகுத்துறையில்
அலை டயரை நக்கும் இடம்வரை
பின்பக்கமாக இறக்கி இறக்கி
உப்பு உள்ளே குடிவந்துவிட்டது.

'டக் டக் டக்' என்றான் ஜாசிம்,
வாயாலேயே இஞ்சினை ஓட்டிக் காட்டி.
காலையில் சத்தம், சூடேறினால் குறைகிறதாம்.
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.
வியாழக்கிழமை பாஸிங்.

எட்டு நட்டு.
வெந்து ஆறி வெந்து ஆறி
தான் நட்டா போல்ட்டா என்று
தனக்கே மறந்துபோன எட்டு.
ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன்.

முதல் இரண்டும் நல்ல பிள்ளைகள்.
கிறீச்சென்று ஒரு சொல், பிறகு சுற்று.

மூன்றாவது முறிந்தது.
முறிவதற்கு முன் மணிக்கட்டில்
ஒரு மெத்து தெரியும்,
வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல.
அப்போதே நிறுத்த வேண்டும்.
தெரிந்தது. நிறுத்தவில்லை.

பக்கத்துக் கடை குல் ஜமான் வந்தான்.
மிச்சக் குச்சியின் தலையில்
ஒரு நட்டை உட்காரவைத்து
வெல்டிங்கில் பொட்டு வைத்தான்.
ஆறும்வரை இருவரும் பேசவில்லை.
'சலோ' என்றான்.
சொத்தைப் பல்போல வந்தது, வேரோடு.
ஒரு டீ கடன்.

நாலும் ஐந்தும் பொறுமை கேட்டன.
அவிழ்ப்பதற்கு முன் ஒரு துளி இறுக்க வேண்டும்,
இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.
இறுக்கு, தளர்த்து,
கால் சுற்று முன்னே, அரைக்கால் பின்னே.
துரு பொடிப்பொடியாய் முழங்கைக்கு வழிந்து
வியர்வையில் குழம்பானது.
குடும்பமும் இப்படித்தான் என்பார்
என் அறைக்காரர் சவரிமுத்து.
நட்டு நட்டுதான், அண்ணே.

ஆறு, ஏழு: நெருப்பு.
செவ்வரளி நிறம் வரும்வரை காட்டி,
கொஞ்சம் ஆறவிட்டு
மெழுகைத் தொட்டால் மரை உறிஞ்சிக்கொள்ளும்.
கடையில் மெழுகு இல்லை.
மதியச் சாப்பாட்டுக்கு அறைக்குப் போனபோது
சவரிமுத்துவின் பெட்டியில் இருந்தது,
செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கென்று
மனாமாவில் வாங்கிய மெழுகுவர்த்தி.
கேட்காமல் எடுத்தேன்.
தொலைந்ததைத் தேடித் தருபவர் அவர்,
ஒட்டியதைப் பிரிப்பது அவர் இலாகா இல்லை.
ஆனாலும் இரண்டும் கழன்றன.

மிச்சம் எட்டு.
ஃபயர்வாலை ஒட்டி, ஸ்டீயரிங் தண்டுக்குப் பின்னால்,
கண்ணுக்கு எட்டாத இடத்தில்.
காலையிலிருந்து என் வயிற்றில் இருந்தது அதுதான்.
அடியில் படுத்து
நீள எக்ஸ்டென்ஷன் மாட்டி
பதினாலாம் நம்பர் சாக்கெட்டை
தடவித் தடவிப் பொருத்தினேன்.
பல்லைக் கடித்தேன்.
மொத்த பலத்தையும் கொடுத்தேன்.

சும்மா சுற்றியது.

விரலாலேயே கழற்றலாம்.
எத்தனை மாதமாகவோ அவிழ்ந்தே கிடந்திருக்கிறது.
டக் டக் எல்லாம் அங்கிருந்துதான்.

சிரித்ததில் கை ஆடி
நட்டு விழுந்தது.
ஒரு 'ணங்' கேட்டது.
தரைக்கு வந்திருந்தால் இரண்டு கேட்கும்.

புது நட்டு எட்டும் டப்பாவில் இருக்கின்றன.
ஆனால் விழுந்தது எங்கேயென்று தெரியாமல்
எப்படி சாவியைத் திருப்புவது?

இஷா பாங்கு ஓய்ந்தபின் ஜாசிம் வந்தான்.
காந்தக் கம்பியை என்னிடமிருந்து வாங்கி
தூண்டில் இறக்குபவனாய் இறக்கினான்,
கண்ணை மூடி, விரலால் கேட்டு.
பிடிபட்டவை:
ஒரு வாஷர்,
ஒரு தலைமுடி கிளிப் (யாருடையதென்று அவன் சொல்லவில்லை),
எந்த மெக்கானிக்கோ தேடிச் செத்த
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
நட்டு இல்லை.
'புக்ரா' என்றான், மீன் கிடைக்காத நாளில் சொல்வதுபோல.

ராத்திரி, குளியலறையில்,
கவரால் அலசத் தூக்கி உதறினேன்.
நெஞ்சுப் பையில் திணித்திருந்த துணிக்குள்ளிருந்து
டைல்ஸில்
இரண்டாவது ணங்.

அள்ளி எடுத்துக்கொண்டு நிற்கிறேன்,
சோப்பு நுரையோடு.
வெளியே சவரிமுத்து
கட்டிலுக்கு அடியில் எதையோ இழுத்துப் பார்த்துவிட்டு
கதவைத் தட்டுகிறார்:
'தம்பி, இங்கே ஒரு மெழுகுவர்த்தி வச்சிருந்தேன்,
பாத்தியா?'